ஓபர்ஸ்டோர்ஃபிலிருந்து கார்டா ஏரிக்கு: ஜூன் முதல் வாரம் கிளம்பலாமா?

கேள்வி, பிப்ரவரி 2, 2025

ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படிக்கிறேன். நானும் சென்னையிலிருந்து வரும் நண்பனும் மவுண்டன் பைக்கில் ஆல்ப்ஸைக் கடக்கப் போகிறோம். ஓபர்ஸ்டோர்ஃபில் தொடங்கி கார்டா ஏரிக்கரையில் ரீவாவில் முடிக்க ஆசை. பெந்தகோஸ்து விடுமுறை இருப்பதால் ஜூன் 6 கிளம்பி 12 சேரலாம். மொத்தம் 400 கி.மீ. அளவுதான், நாளைக்கு 60 கூட வராது. எனக்கு 80 கி.மீ. சாதாரணம். மலையில் தங்கும் குடில்கள், ஊர் விடுதிகள் எல்லாவற்றையும் இப்போதே பதிவு செய்துவிடலாமா?

பிப்ரவரி 2, இரவு 11.40

வேண்டாம். ஜூன் 6-உம் வேண்டாம், பதிவும் இப்போது வேண்டாம்.

முதலில் கிலோமீட்டர் கணக்கை விடுங்கள். இந்தப் பாதையில் ஏற்றம்தான் கணக்கு. எந்தக் கிளைப் பாதையைப் பிடித்தாலும் ஏழு நாளில் 10,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். முதுகில் பையோடு, நல்ல தெம்புள்ள ஆள் மணிக்கு 300 முதல் 400 மீட்டர் ஏறுவார். ஒரு நாளில் 1,500 மீட்டர் என்றால் நாலைந்து மணி நேரம் மிதி மட்டும்தான். தள்ளுவது, தூக்குவது தனி. நெக்கார் ஆற்றங்கரையில் ஓட்டிய 80 கி.மீ. இங்கே செல்லாது.

அப்புறம் பனி. ஆஸ்திரியாவின் இஷ்கிளிலிருந்து சுவிஸ் பக்கம் எங்கடீன் பள்ளத்தாக்குக்குப் போக ஃபிம்பர் கணவாயைத் தாண்ட வேண்டும். உயரம் 2,608 மீட்டர். ஜூன் முதல் வாரத்தில் அங்கே என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, காலை

2019 ஜூன் 11. அந்த ஆண்டு மே கடைசியில் இத்தாலியின் ஜீரோ தித்தாலியா சைக்கிள் பந்தயப் பாதையிலிருந்து காவியா கணவாயைப் பனி காரணமாக எடுத்துவிட்டார்கள். காவியாவும் ஃபிம்பரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். செய்தியைப் படித்தேன், தலையை ஆட்டினேன், இரண்டு வாரம் கழித்து ஃபிம்பருக்குக் கிளம்பிப் போனேன்.

ஆஸ்திரியப் பக்கத்துக் கடைசிக் குடிலான ஹைடல்பெர்கர் குடில் (2,264 மீட்டர்) வரை சரளைச் சாலை, மிதித்தே போய்விட்டேன். குடிலின் கதவு சாத்தியிருந்தது. பருவம் இன்னும் தொடங்கவில்லை. அதைவிடத் தெளிவாக ஒரு மலை எப்படிச் சொல்லும்? நான் வாசல் பலகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு மேலே போனேன்.

கணவாய்க்கு இன்னும் 344 மீட்டர்தான். காலை பத்து மணிக்கே பனி இளகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் கால் தொடை வரை உள்ளே போனது. சைக்கிளைத் தோளில் போட்டால் எடை கூடி இன்னும் ஆழமாக இறங்கும். பனிமேல் தள்ளினால் முன்சக்கரம் குத்திக்கொண்டு நின்றுவிடும். ஷூவின் அடியில், பெடலில் மாட்டும் கிளீட் இருக்கும் பள்ளத்தில் பனி உருண்டு கட்டியாகி, எலுமிச்சம்பழத்தின் மேல் நிற்பது போல இருந்தது. ஓரிடத்தில் காலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஓடையின் மேல் நிற்கிறேன் என்று புரிந்தபோதுதான் பயம் வந்தது. மூன்று மணி நேரத்தில் பாதித் தூரம்கூட ஆகவில்லை. திரும்பினேன்.

ஏன் போனேன் என்பதுதான் விஷயம். அன்றிரவு எங்கடீனில் அறைக்குப் பணம் கட்டியிருந்தேன். அதற்கடுத்த நான்கு இரவுகளுக்கும் கட்டியிருந்தேன். ஒரு நாள் தவறினால் சீட்டுக்கட்டு மாதிரி எல்லாம் சரியும். என்னைப் பனிக்குள் தள்ளியது அந்தப் பதிவுகள்தான். அதனால்தான் பதிவு வேண்டாம் என்கிறேன்.

பிப்ரவரி 3, மதியம்

திருத்தம். ஒருவர் சுட்டிக்காட்டினார்: ஹைடல்பெர்கர் குடில் ஆஸ்திரியாவில் இல்லை. சாலை ஆஸ்திரியாவிலிருந்து வருகிறது, குடில் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்துக்குச் சொந்தம், நிலம் சுவிட்சர்லாந்து. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இது வெறும் வினாடி வினாச் செய்தி இல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. உங்கள் ஜெர்மன் சிம்மின் ரோமிங்கில் சுவிஸ் சேர்த்தியா என்று பாருங்கள். எனக்கு ஒருமுறை வந்த பில்லில் ஒரு டயர் வாங்கியிருக்கலாம்.

பிப்ரவரி 9

“அப்படியானால் கடப்பதை விட்டுவிட்டு ஒரே ஊரில் தங்கி ஓட்டுவதே மேலா அண்ணா?” என்று முதலில் கேள்வி கேட்ட மாணவர் கேட்டிருக்கிறார்.

மேல். சந்தேகமே வேண்டாம். சுவிட்சர்லாந்தில் தாவோஸ் போங்கள். ஊரே 1,560 மீட்டரில் இருக்கிறது. யாகோப்ஸ்ஹார்னுக்குக் கேபிள் காரில் ஏறினால் 2,590. அங்கிருந்து ஃபிலிசூர் வரை ஏறக்குறைய 40 கி.மீ. ஒற்றையடிப் பாதை. முடித்ததும் ரேட்டியன் ரயிலில் சைக்கிளைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பலாம். கிராவுபுண்டன் மாநிலத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் பாதையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம், வழியில் யாரும் முறைக்க மாட்டார்கள். மழை வந்தால் அறையில் தூங்கலாம். எதுவும் சரியாது.

செலவு மட்டும் சுவிஸ் செலவு. காப்பி குடிக்கும்போது ரூபாய்க்கு மாற்றிப் பார்க்காதீர்கள்.

கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டுமென்றால் பிரான்ஸ், சுவிஸ் எல்லையில் போர்த் து சொலெய். 12 ஊர்கள், லிஃப்டில் ஏறி இறங்கி நாடு மாறிக்கொண்டே இருக்கலாம். ஆனால் லிஃப்ட் ஓட்டம் கைக்கு வேலை, காலுக்கு இல்லை. பிரேக் பிடித்துப் பிடித்து உருவான குழிகளில் மூன்றாம் நாள் விரல் மடங்காது.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். அறுபது வயதுக்காரர் எழுதியது மாதிரி இருக்கிறது.

தாவோஸ் நல்ல ஊர்தான். ஆனால் நான்கு முறை போன தாவோஸில் எந்த நாள் எது என்று எனக்குக் குழம்புகிறது. 2021-இல் கடைசியாகக் கடந்து முடித்த ஏழு நாளில் ஒவ்வொரு வேளை சாப்பாடும் நினைவிருக்கிறது. வடக்கே வெண்ணெய் வாசம், கணவாய் தாண்டியதும் வேறு மொழி, கடைசியில் 65 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையில் ஒலிவ மரம். கடக்க ஆசை இருந்தால் கடந்துவிடுங்கள். தேதியை மட்டும் மாற்றுங்கள்.

பிப்ரவரி 16

நண்பரின் விசா பற்றிக் கேள்வி. உங்களுக்கு ஜெர்மன் வதிவிட அனுமதி இருப்பதால் கவலையில்லை. அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். நான்கு நாடுகள் வழியாகப் போகிறீர்கள். எங்கே அதிக இரவு தங்குகிறாரோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் அறையில் தங்கினால் ஜெர்மனி என்று எளிதாக முடியும். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

அந்தக் காப்பீட்டுத் தாளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்லுங்கள். “சாகச விளையாட்டு நீங்கலாக” என்று ஒரு வரி இருந்தால் அது விசாவுக்கு உதவும், எலும்பு முறிந்தால் உதவாது. ஆஸ்திரியாவில் ஹெலிகாப்டர் வந்தால் பில்லும் வரும். நீங்கள் ஆல்பைன் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்: மீட்புச் செலவுக்குக் காப்பீடு உண்டு, குடிலில் படுக்கையும் மலிவு.

மார்ச் 8

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நண்பர் இங்கே சைக்கிள் வாடகைக்கு எடுக்கிறார் என்று இன்றுதான் சொல்கிறீர்கள்.

நம்மூர் சைக்கிளில் வலது கை முன் பிரேக். இங்கே இடது கை முன் பிரேக். நான் சேலத்தில் பத்து வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கை. மியூனிக் வந்து பழைய மவுண்டன் பைக் ஒன்று வாங்கி, ஈசார் ஆற்றங்கரைக் காட்டில் முதல் நாள் இறங்கினேன். வேர் ஒன்று குறுக்கே வந்தது. பின் பிரேக்கை மெல்லப் பிடிக்கிறேன் என்று நினைத்து இடதை அமுக்கினேன். முன்சக்கரம் அப்படியே நின்றது, நான் நிற்கவில்லை. காரை எலும்பு முறிந்து ஆறு வாரம் இடது கையால் ரசம் சாதம்.

சமவெளியில் இது தெரியவே தெரியாது. பயந்த கணத்தில் கை யோசிக்காது, பழகியதைச் செய்யும். கடைக்காரரிடம் “வலதில் முன் பிரேக்” என்று பதிவின்போதே சொல்லுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கிலும் குழாயை மாற்றிக் கொடுப்பார்கள், முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காலையில் வரிசையில் நின்று கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

மார்ச் 8, இரவு

இடது கை முறிந்திருந்தால் வலது கையால் சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்டவருக்கு: முறிந்தது வலது பக்கம். அமுக்கியது இடது, விழுந்தது வலது.

மார்ச் 23

வரைபடச் செயலியில் கோடு இருந்தால் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரியாவில் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். சைக்கிளுக்கு நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அகலமான வனச் சாலையும் இதில் சேர்த்தி. பலகை வைத்துத் திறந்துவிட்ட வழிகளில் மட்டும் போங்கள்.

உங்கள் பாடென் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2 மீட்டருக்குக் குறுகலான காட்டுப் பாதையில் ஓட்டக் கூடாது என்று விதி. அதனால் ஸ்டுட்கார்ட்டில் எங்கே பழகுவது என்கிறீர்கள். டேகர்லோகிலிருந்து இறங்கும் வுட்பெக்கர் பாதை சட்டப்படி திறந்தது. மரியென்பிளாட்ஸிலிருந்து பல்சக்கர ரயில் சைக்கிளோடு மேலே ஏற்றிவிடும். அந்த ரயிலில் ஏறாதீர்கள் என்பதுதான் என் யோசனை. மிதித்து ஏறுங்கள், திரும்பத் திரும்ப. ஒரு சனிக்கிழமை அப்படி 1,000 மீட்டர் சேர்த்துவிட்டு, ஞாயிறும் எழுந்து போக முடிகிறதா என்று பாருங்கள். ஞாயிறுதான் தேர்வு.

ஏப்ரல் 21

புதுத் தேதி ஜூலை 5 முதல் 12. ஒரு வாரம் வகுப்பைத் தியாகம் செய்கிறாராம். ஏழு நாள் ஓட்டம், ஒரு நாள் சும்மா. அந்தச் சும்மா நாளை எங்கே வைப்பது என்கிறார். எங்கேயும் வைக்காதீர்கள், சட்டைப் பையில் வையுங்கள்.

பதிவு பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஜூலை சனிக்கிழமையில் குடிலுக்குப் பதிவில்லாமல் போனால் சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் இடம். ஆகவே கிளம்பும் சனி இரவுக்கு மட்டும் குடில் பதியுங்கள். ஃபிம்பருக்கு முந்தைய இரவை இரண்டு நாள் முன்னால் தொலைபேசியில் கேளுங்கள். மற்ற இரவுகள் பள்ளத்தாக்கு ஊர்களில். அங்கே மாலை நாலு மணிக்குக்கூட அறை கிடைக்கும், ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய வாரத்தில் இத்தாலியில் தவிர.

மூட்டை: 7 கிலோவுக்கு மேல் போனால் ஏதோ தப்பு. துணி இரண்டு செட் போதும். குடிலில் உறங்கத் துணி உறை கட்டாயம். ரொக்கம். பிரேக் பேட் இரண்டு ஜோடி, உலோகக் கலவையுள்ளவை. 1,000 மீட்டர் ஒரே இறக்கத்தில் சாதாரணப் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்காதீர்கள். அழுத்திப் பிடி, விடு, ஆறவிடு.

முக்கியம், டீரெய்லர் ஹேங்கர். பின் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் சட்டம் தப்பிக்க இது உடையும். ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வடிவம், மலையூர்க் கடையில் உங்களுடையது இருக்கும் என்று நம்ப முடியாது. ஒன்று வாங்கிப் பையில் போட்டு மறந்துவிடுங்கள்.

மே 11

சாப்பாடு கேட்டவருக்கு. இறைச்சி வேண்டாதவர்களுக்கு மேற்கே கேஸ்ஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ் மாதிரி), கிழக்கே கைசர்ஷ்மாரன் (பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம்), இரண்டிலும் முட்டை உண்டு, எங்கும் பாலாடைக்கட்டி. மூன்றாம் நாள் நாக்கு செத்துவிடும். குடில்களில் ஒரு லிட்டர் வெந்நீர் காசுக்குக் கிடைக்கும். ரசப்பொடி, உப்பு, காய்ந்த புளித்தூள் மூன்றையும் கலந்து சின்ன டப்பாவில் கொண்டு போங்கள். நான் கலக்கிக் குடித்தபோது எதிரில் இருந்த பவேரியர் “என்ன தேநீர் அது?” என்றார். ஒரு வாய் கொடுத்தேன். அவருக்கு விக்கல் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 21

வெட்கத்தோடு எழுதுகிறேன். இரண்டு வாரமாக இஷ்கிள் மேல்பகுதிக் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனி திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. நண்பர் ஒருவர் நேற்று ஃபிம்பரைத் தாண்டிவிட்டுப் படம் அனுப்பினார், அரைக்கை சட்டையில். இந்த ஆண்டு ஜூன் மூன்றாம் வாரமே போதுமாக இருந்திருக்கும். 2019-இல் பட்ட சூட்டை வைத்து எல்லா ஆண்டுக்கும் விதி போட்டுவிட்டேன்.

தேதியைத் திரும்ப மாற்றாதீர்கள். நண்பர் விமானச் சீட்டு வாங்கிவிட்டார் என்று தெரியும்.

ஜூலை 3

கிளம்பும் முன் சில.

ஷ்ரோஃபென் கணவாயில் கம்பியைப் பிடித்து நடக்கும் இடங்களில் சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள், மிதிக்கப் பார்க்காதீர்கள். ஊயினா பள்ளத்தாக்கு வழி போனால் அங்கும் அப்படியே. பாறைச் சுவரைக் குடைந்து வெட்டிய பாதை, ஓட்டத் தடை. சைக்கிளைச் சுவர்ப் பக்கம் வைத்துத் தள்ளினால் நீங்கள் விளிம்பில் நடக்க வேண்டும். விளிம்புப் பக்கம் வைத்தால் பெடல் கணுக்காலில் இடித்துக்கொண்டே வரும். கணுக்காலைத் தியாகம் செய்யுங்கள்.

பிற்பகலில் இடி. காலை ஏழுக்கு மிதிக்கத் தொடங்கி, நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டி இருங்கள்.

மாடு. கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள். நம்ம ஊர் மாடு மாதிரி ஹாரன் அடித்தால் ஒதுங்கும் என்று நினைக்காதீர்கள். திறந்த படலை மூடிவிட்டுப் போங்கள்.

அவசர எண் 112. சுவிஸில் ஹெலிகாப்டர் மீட்புக்கு ரேகா என்ற மீட்பு அமைப்பின் 1414.

திரும்பி வர: ரீவாவில் ரயில் நிலையம் கிடையாது. மோரி வழியாக ரொவரெத்தோவுக்கு மிதிக்க வேண்டும். அங்கிருந்து பிரென்னர் வழியாக மியூனிக் வண்டியில் சைக்கிளுக்கு இட முன்பதிவு வேண்டும், இடம் கொஞ்சம்தான். பதிவே வேண்டாம் என்று கத்திய நான் சொல்கிறேன்: இதை மட்டும் இன்றே பதியுங்கள்.

ஜூலை 15

வந்துவிட்டார்கள். எட்டு நாளில் நான்கு நாள் மழை. ஜூன் 6 என்று கேட்டவரைப் பிடித்து ஜூலைக்குத் தள்ளிய பெருமை என்னைச் சேரும்.

சும்மா நாள் இஷ்கிளில் செலவாயிற்று. காலையில் ஜன்னலைத் திறந்தார்கள், எதிர்மலை இல்லை, திரும்பப் படுத்துவிட்டார்கள். மறுநாள் மூடுபனியில் ஃபிம்பரைத் தாண்டினார்கள். கணவாய்க் கல்லில் இரண்டு பேரும் நிற்கும் படத்தில் ஒருவர்தான் தெரிகிறார்.

பிரேக் லீவர் மாற்றிக் கொடுத்தார்களாம். ஆனால் மோரா பள்ளத்தாக்கில், ஓடையோரத்து வளைவில், தட்டையான இடத்தில், வேடிக்கை பார்த்துக்கொண்டே போன நண்பர் வலப்பக்கம் சாய்ந்தார். ஹேங்கர் முறிந்தது. மாணவர் பையில் ஹேங்கர் இருந்தது, அவருடைய சைக்கிளுக்கு. வாடகைச் சைக்கிளுக்கு யார் வாங்குவது? நான் சொல்லவே இல்லை. ஏப்ரலில் அத்தனை நீட்டி எழுதியவன், மார்ச்சில் வாடகைச் சைக்கிள் என்று படித்ததை மறந்துவிட்டேன். கடையில் கேட்டால் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்திருப்பார்கள்.

நண்பர் செயினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சான் ஜாக்கோமோ ஏரி, கங்கானோ ஏரி வரை ஸ்கூட்டர் மாதிரி ஒரு காலால் தரையை உதைத்தே போயிருக்கிறார். அதற்குப் பிறகு ஃபிரேலே கோபுரங்களிலிருந்து போர்மியோ பக்கம் கொண்டை ஊசி வளைவுகள், எல்லாம் இறக்கம். “செயின் இல்லாமல் சத்தமே இல்லை அண்ணா, காற்று மட்டும்தான்” என்கிறார். போர்மியோவில் மூன்றாவது கடையில் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை அரம் வைத்து ராவிப் போட்டார்கள். கியர் பதினொன்றில் ஏழு வேலை செய்ததாம்.

கடைசி நாள் ட்ரெமால்ஸோ கணவாயில் ஏறி, முதல் உலகப் போர்க் காலத்து ராணுவப் பாதையில் இறங்கி, பொனாலே பாதை வழியாக ஏரிக்குப் போக வேண்டும் என்று நான் மிகவும் சொல்லியிருந்தேன். ஏழு கியரோடு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சரியான முடிவு. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஜூலை 16

“அடுத்த வருடமும் போகலாமா?” என்று நண்பர் கேட்கிறாராம். செப்டம்பர் முதல் வாரம் எப்படி? இடி குறைவு, கூட்டம் குறைவு, ஆனால் பகல் சிறிது, சில குடில்கள் மூடத் தொடங்கும், புதுப் பனியும் விழலாம். இந்த முறை நானும் வருகிறேன், ட்ரெமால்ஸோ என் பொறுப்பு. எந்தச் சைக்கிள் என்று முடிவானதும் இரண்டு பேரும் ஹேங்கர் எண்ணை எனக்கு அனுப்புங்கள், நானே வாங்குகிறேன்.